பூவம்மாவுக்கு வாங்கிய ஸ்னோ

பெண்கள் முகத்தில் பூசும் சாமான் விற்றுத்தான் என் காலம் போனது. ஆனால் அந்த நாளில் என் கடைப் படியேறி வந்த பெண்கள் ரொம்பக் கொஞ்சம். பிழைக்க வந்த அக்கரை ஊரில், சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், பாதி அலமாரி கடைக்குள்ளும் பாதி அஞ்சடி நடைபாதையிலுமாக வைத்திருந்தேன். பவுடர், சாந்து, சீப்பு, வளையல், ஸ்னோ, கோல்டு கிரீம். வாங்க வருகிறவர்கள் எல்லாம் ஆண்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன், ரோடு கூட்டுகிறவன், நேவல் பேஸில் கப்பலுக்குச் சாயம் அடிக்கிறவன். பெண்டாட்டி நாகப்பட்டினத்துப் பக்கம் ஏதோ ஓர் ஊரில் இருப்பாள். இவன் இங்கே நின்றுகொண்டு அவள் கன்னத்துக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று என்னைக் கேட்பான். நான் கூத்தாநல்லூர்க்காரன், பெயர் ஒலி முகம்மது. அடுத்த வீட்டுப் பெண்ணின் முகத்தை ஏறிட்டுப் பார்க்காதே என்று வளர்த்த வீட்டில் பிறந்துவிட்டு, அந்த முகத்துக்கு யோசனை சொல்கிற பிழைப்பு எனக்கு வாய்த்தது. என்னோடு இங்கேயே குடித்தனம் இருந்த என் மனைவி ரபியா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

பார்க்காத முகத்துக்குச் சாமான் எடுத்துக் கொடுக்க நான் ஒரு வழி வைத்திருந்தேன். வருகிறவனிடம் முதலில் கேட்பது இதுதான்: "காலையில வச்ச பொட்டு எப்ப வழியும்?" மத்தியானத்துக்குள் வழிந்தால் எண்ணெய் முகம், அதற்கு ஸ்னோ. பூசின கையோடு தோலுக்குள் போய்விடும், பிசுபிசுக்காது, கத்திரி வெயிலிலும் கனமாக உட்காராது. சாயங்காலம் வரைக்கும் பொட்டு வைத்தது வைத்தபடி இருந்து, கன்னத்தில் சுண்ணாம்பு படிந்த மாதிரி தெரிந்தால் வறண்ட முகம், அதற்குக் கோல்டு கிரீம். நெற்றியும் மூக்கும் வழிந்து கன்னம் மட்டும் காய்ந்திருந்தால் இரண்டையும் வாங்கு, அதை அங்கே பூசு, இதை இங்கே பூசு என்பேன். பாதிப் பேருக்கு என் கேள்விக்கே பதில் தெரியாது. "பொட்டா? அவ வைப்பாளா?" என்று தலையைச் சொறிவான். கட்டின பெண்டாட்டி பொட்டு வைப்பாளா என்பதுகூடத் தெரியாத ஆசாமிக்கு என்ன யோசனை சொல்வது? ஒரு பவுடர் டப்பாவைக் கையில் திணித்து அனுப்பிவிடுவேன்.

மருதப்பன் முதலில் வந்தது ஐம்பத்தொன்றிலோ ஐம்பத்திரண்டிலோ. செம்பவாங் நேவல் பேஸில் பெயின்டர். விரல் இடுக்கெல்லாம் சாம்பல் நிறச் சாயம் ஒட்டியிருக்கும். கல்யாணத்துக்கென்று லீவில் போய், வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் பூவம்மா என்கிற பதினேழு வயதுப் பெண்ணைக் கட்டி, சில மாதம் கூட இருந்துவிட்டுக் கப்பலேறி வந்தவன். வழக்கம்போல அவனிடமும் பொட்டைப் பற்றிக் கேட்டேன்.

"மத்தியானங்கூட ஆகாது பாய். அடுப்பு மூட்டி உலை வைக்கிறதுக்குள்ள பொட்டு மூக்குத் தண்டுக்கு வந்துரும். நெத்தி அப்படியே மின்னும். நான்தான் என் துண்டால தொடச்சு விடுவேன். தொடச்சுட்டுத் திரும்பறதுக்குள்ள மறுபடி மின்னும்."

"கன்னம்?"

"கன்னமுந்தான். எங்கம்மா ஏசும், வெளக்கெண்ணெயத் தடவிக்கிட்டு நிக்கிறான்னு. இவ வெக்கப்பட்டுக்கிட்டுக் கடலமாவப் போட்டுத் தேய்ப்பா. அதுக்குத்தான் பாய், நல்லதா ஒண்ணு குடுங்க. சித்திரைக்குள்ள ஊருக்குப் போய்ச் சேரணும்."

இத்தனை விவரமாக ஒருவனும் சொன்னதில்லை. எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. ஆனால் அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் அந்தப் பிடித்தம் போய்விட்டது. ஸ்னோவில் மூன்று தினுசு வைத்திருந்தேன். மூன்றையும் திறக்கச் சொன்னான். ஒவ்வொன்றாகத் தன் மூக்கில் பூசிக்கொண்டு வெயிலில் இறங்கி, காளியம்மன் கோயில் வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்து, சிகரெட் காகிதத்தை மூக்கில் ஒற்றிப் பார்த்தான். எண்ணெய் ஒட்டினால் அது வேண்டாம். மூக்கு வெள்ளை வெளேரென்று ரோட்டில் போகிறவனைப் பார்த்துப் பூக்கடைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அவ மூஞ்சிக்கு ஒன் மூக்கு என்னடா கணக்கு?" என்று கத்தினேன்.

"எனக்கும் எண்ணெ மூக்குதான் பாய். இதுல நின்னா அவளுக்கும் நிக்கும். சும்மா இருங்க லா" என்றான்.

கடைசியில் கனம் குறைந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, துணியில் சுற்றி, நாகப்பட்டினம் போகிற யாரிடமோ கொடுத்தனுப்பினான். சில மாதம் கழித்து மறுபடி வந்தான். மறுபடி பொட்டு, நெற்றி, உலை, துண்டு. அதற்கப்புறம் அவன் வருகிறபோதெல்லாம் இதே கதைதான், ஒரு சொல் கூடாமல் குறையாமல். ஜாடியை எடுத்துக் கொடுத்தாலும் போகமாட்டான், என் உயிரை வாங்குவான். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "எத்தன தடவடா இதையே சொல்லுவே?" என்றேன்.

அவன் கோபப்படவில்லை. "போட்டோ இல்ல பாய் என்கிட்ட. போட்டோ எடுத்தா ஆயுசு கொறையும்னு அவங்கம்மா விடல. சொல்லிக்கிட்டே இருந்தாத்தான் மூஞ்சி ஞாபகத்துல நிக்குது. ஒரு நாள் மறந்துருவேனோன்னு பயமா இருக்கு" என்றான். அதற்குப் பிறகு நான் அவன் வாயை அடைக்கவில்லை.

ஆனால் ஆள் ஒரு தள்ளிப்போடுகிற பேர்வழி. குடும்பத்தோடு இருக்க வீடு கேட்டு எழுதிப் போடு என்றால், அடுத்த வருஷம் என்பான். லீவு போட்டு ஊருக்காவது போய்ப் பார்த்துவிட்டு வா என்றால், அதுவும் அடுத்த வருஷம். அவன் சொன்ன காரணங்கள் எல்லாம் நியாயமான காரணங்கள்தான், அதில்தான் எனக்கு எரிச்சல். வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. ஊரிலிருந்து வருகிறவர்களிடம் கேட்டால், நல்லா இருக்கா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். சம்பளத்தில் அனுப்புவதெல்லாம் அண்ணன் கைக்குப் போகும். அண்ணன் பார்த்துக்கொள்வார் என்று இவன் நிம்மதியாக இருந்தான். அண்ணன் என்றால் அவனுக்கு உயிர்.

ஒரு தடவை நான் சும்மா இருக்காமல், "இத்தன வருஷத்துல மூஞ்சி மாறாதாடா? இந்த வாட்டி கோல்டு கிரீமும் ஒண்ணு சேத்து அனுப்பு" என்று சொல்லிவிட்டேன். மனிதனுக்கு முகம் சிவந்து போயிற்று. "என் பொண்டாட்டி மூஞ்சி எனக்குத் தெரியாதா? ஒங்களுக்குத் தெரியுமா?" என்று ஜாடியை அலமாரி மேலேயே வைத்துவிட்டுப் போனவன், பல மாதம் கடைப் பக்கம் தலைகாட்டவில்லை.

ஐம்பத்தொன்பதில் ஒரு பேச்சுக் கிளம்பியது. சட்டம் மாறப்போகிறது, வருஷக்கணக்கில் புருஷனைப் பிரிந்து ஊரில் இருக்கிற மனைவிமாரை இனிமேல் உள்ளே விடமாட்டார்கள் என்று சிராங்கூன் ரோடு முழுக்க அதே பேச்சு. அப்போதுதான் மருதப்பனுக்கு விழிப்பு வந்தது. அவரைப் பிடித்து, இவரைப் பிடித்து, அலையாத இடமெல்லாம் அலைந்து, கதவு சாத்துவதற்கு முன்னால் எப்படியோ பூவம்மாவைக் கப்பலேற்ற ஏற்பாடு செய்துவிட்டான். கப்பல் வருகிற வாரம் கடைக்கு ஓடி வந்தான். "நீங்களும் கூட வாங்க பாய். தனியா போக என்னால முடியாது" என்றான். ஏழெட்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டுப் பழகின முகத்தை நானும் ஒரு தடவை பார்க்கலாமே என்று போனேன்.

கப்பலில் வந்தவர்களை நோய் நொடி இருக்கிறதா என்று தீவில் வைத்துச் சோதித்துவிட்டு, படகில் கொண்டுவந்து படித்துறையில் இறக்கினார்கள். வெயில் கொளுத்தியது. மருதப்பன் வெள்ளைச் சட்டை போட்டு, கையில் மல்லிகைப்பூப் பொட்டலத்தோடு கூட்டத்துக்கு மேலே எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். மூட்டையும் முடிச்சுமாகப் பெண்கள் இறங்கி வந்தார்கள். திடீரென்று அவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினான். வழியில் நின்ற ஒருத்தியை இடித்துத் தள்ளிவிட்டு, அவளுக்குப் பின்னால் வந்த ஒரு சின்னப் பெண்ணின் முன்னால் போய் நின்று, "பூவம்மா!" என்று கத்தினான்.

அந்தப் பெண்ணுக்குப் பதினேழு பதினெட்டு வயதிருக்கும். நெற்றியும் கன்னமும் பளபளவென்று மின்ன, பொட்டு கரைந்து மூக்கு வரைக்கும் இறங்கியிருந்தது. அவள் மிரண்டு போய்ப் பக்கத்தில் நின்ற அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் இடித்துவிட்டுப் போனானே, அந்தப் பெண்பிள்ளை இடித்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். கறுத்துப்போன முகம். கன்னம் காய்ந்து வெடித்துக் கோடு கோடாக இருந்தது. கண்ணைச் சுற்றிச் சுருக்கம் விழுந்து, பார்த்தால் நாற்பது மதிக்கலாம். அவள் அவனுடைய முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "நான் இங்க இருக்கேன்."

குரலில் கோபமே இல்லை. திரும்பின மருதப்பனின் முகத்தை நான் பார்த்தேன். ஏன்தான் இவனோடு வந்தோம் என்று ஆகிவிட்டது எனக்கு. தேடிக்கொண்டு ஓடினவனுக்கு அவளுக்கும் வயது ஏறியிருக்கும் என்பது தோன்றவே இல்லை. பஸ்ஸில் அவள் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பூவை அவளிடம் கொடுக்க அவனுக்கு நினைவில்லை, எனக்கு ஞாபகப்படுத்தத் தைரியம் இல்லை.

செம்பவாங்கில், பேஸ் ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டின லைன் வீடு ஒன்றில் குடித்தனம் வைத்தார்கள். கொஞ்ச நாள் கழித்து மருதப்பன் கடைக்கு வந்து, எப்போதும் வாங்குகிற ஸ்னோ வேண்டும் என்றான். எனக்கு வந்ததே கோபம். "இப்பத்தான் மூஞ்சி வீட்டுல இருக்கே. போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு, அப்புறம் தர்றேன்" என்றேன்.

"எப்பவும் குடுக்கறதையே குடுங்க பாய்" என்றான், அலமாரியைப் பார்த்துக்கொண்டு. கொடுத்தேன். அவன் வீட்டிலும் இப்படித்தான் எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசுகிறான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

தெரிந்தது பூவம்மா வந்தபோது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, லைன் வீட்டுப் பெண்களோடு தேக்கா மார்க்கெட்டுக்கு வந்தவள், அவர்களை மீன் கடையில் விட்டுவிட்டுத் தனியாக என் கடைக்கு வந்து நின்றாள்.

"பாய், நீங்க எல்லாருக்கும் எது சரின்னு சொல்லுவீங்களாம். என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

அத்தனை வருஷ வியாபாரத்தில் ஒரு பெண்ணின் முகத்தை நான் நேருக்கு நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான். கூச்சமாக இருந்தது. ஆனாலும் பார்த்தேன். மூக்கு நுனியிலும் நெற்றி நடுவிலும் லேசாக எண்ணெய் கசிந்திருந்தது. கன்னம் மட்டும் பாளம் பாளமாகக் காய்ந்திருந்தது.

"நெத்தியிலயும் மூக்குலயும் எண்ணெப் பசை இருக்கு தங்கச்சி. அங்க ஸ்னோ போடு. கன்னத்துக்குக் கோல்டு கிரீம். ரெண்டையும் வெவ்வேறயா பூசணும்."

அவள் மூக்கு நுனியைத் தொட்டுப் பார்த்தாள். "அப்ப இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு" என்று சிரித்தாள். சிரித்தபோது கன்னத்தில் வெடிப்பு வலித்திருக்க வேண்டும், உடனே கையை வைத்துக்கொண்டாள்.

"எப்படிம்மா இப்படி ஆச்சு?"

"உப்பளம் பாய். பணம் வந்துச்சு, ஆனா அது அவரு அண்ணன் வீட்டோட போச்சு. எனக்குச் சோறு வேணுமே, உப்பு வாரப் போனேன். வெயிலு மேலேருந்தும் அடிக்கும், பாத்தியிலேருந்தும் அடிக்கும். அவர் அனுப்பின ஸ்னோவப் போட்டுக்கிட்டுத்தான் போவேன். காஞ்ச மூஞ்சில அது எரியும். எரிஞ்சாலும் போடுவேன், அவர் பாத்துப் பாத்து வாங்கி அனுப்பினதாச்சே. நான் உப்பளத்துல நின்னது அவருக்குத் தெரிய வேணாம் பாய். அண்ணன் மேல உயிரா இருக்காரு."

மூன்று தினுசு ஸ்னோவைத் திறந்து காட்டினவன் நான்தானே. இரண்டு ஜாடியையும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அவள் இரண்டையும் தள்ளிவிட்டாள்.

"இது ரெண்டும் வேணாம் பாய். மூஞ்சி பூரா மின்னறதுக்கு என்ன போடணும்?"

இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஊரில் உள்ள பெண்ணெல்லாம் மினுமினுப்புப் போக வேண்டும் என்பார்கள், இவள் வர வேண்டும் என்கிறாள். என்ன பைத்தியம் இது என்றேன்.

"அவர் திட்டறதில்ல, கை நீட்டறதில்ல. வேலைக்குப் போறாரு, வர்றாரு. ஆனா என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்குறாரு. சோறு வச்சா தட்டப் பாக்குறாரு, பேசினா செவத்தப் பாக்குறாரு. அன்னிக்கு அவர் ஓடிப்போய் நின்னாரே, அந்தப் பொண்ணு மூஞ்சி எப்படி மின்னுச்சு? நானுந்தான் பாத்தேன். ஒரு தடவ அப்படி இருந்தா நிமிந்து பாப்பாரோ என்னவோ."

எண்ணெய் தடவினால் மூக்கில் கொப்புளம் வரும், நெற்றியில் பரு வரும் என்று வாய் வலிக்கச் சொன்னேன். கேட்டால்தானே. பாதாம் எண்ணெய் சின்னக் குப்பி ஒன்றை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள்.

அடுத்த தடவை அவள் வந்தபோது முகம் பூரா சிரிப்பு. நான் சொன்ன மாதிரியே மூக்கில் சின்னச் சின்னக் கொப்புளம். அதை அவள் சட்டை செய்யவே இல்லை.

"பாத்தாரு பாய்! வேலை விட்டு வந்து கதவத் தொறந்ததும் நிமிந்து பாத்தாரு. கொஞ்ச நேரம் அப்படியே நின்னாரு. அப்புறம் துண்ட எடுத்து நெத்திய, கன்னத்தத் தொடச்சு விட்டாரு. கல்யாணமான புதுசுல தொடப்பாரே, அதே மாதிரி."

பேஸில் சங்கு ஊதியதும் அவள் எண்ணெய் தடவிக்கொண்டு அடுப்படியில் நிற்பாள். அவன் வந்து துடைத்துவிடுவான். இது அந்த வீட்டு வழக்கமாகவே ஆகிவிட்டது. குழந்தை ஒன்று பிறந்து தங்கவில்லை. அந்தத் துக்கத்திலும் எண்ணெய் நிற்கவில்லை என்று, துக்கம் விசாரிக்கப் போன ரபியா வந்து சொன்னாள். பூவம்மா குப்பி வாங்க வருவாள், மருதப்பன் ஸ்னோ வாங்க வருவான். "அவளுக்கு இன்னும் எண்ணெ மூஞ்சிதான் பாய்" என்பான், அலமாரியைப் பார்த்துக்கொண்டே. மினுக்கத்துக்கு ஒருத்தி, மினுக்கம் போக ஒருத்தன், இருவருக்கும் ஒரே அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என்னதான் கூத்து என்று தலையில் அடித்துக்கொண்டாலும், அவள் சந்தோஷமாக இருக்கிறாளே என்று விட்டுவிட்டேன்.

அறுபத்து நான்கின் நடுவில் ஒரு நாள் மருதப்பன் வந்து, ஸ்னோ கேட்காமல் முக்காலியில் உட்கார்ந்தான். பிறகு, "பாய், அவ மூஞ்சில எண்ணெ தடவிக்கிறா" என்றான்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?" என்றேன்.

"மொத நாளே தெரியும். கிட்டப் போனாலே பாதாம் வாசன. எதுக்குத் தடவறான்னும் தெரியும். படித்துறையில நான் செஞ்ச வேலைக்குத்தான் தடவறா. அதான் துண்ட எடுத்துத் தொடைக்கிறேன். தொடச்சா கீழ இருக்குற மூஞ்சி தெரியும் பாய். எனக்கு அதத்தான் பாக்கணும். ஒரு நிமிஷம் தெரியும், அவ சிரிச்சுக்கிட்டே உள்ள போய் மறுபடியும் தடவிக்கிட்டு வந்துருவா. எண்ணெ வேணாம்டின்னு சொல்லலாம். சொன்னா, ஒன்ன அடையாளம் தெரியாமப் போனேனேங்குற பேச்ச எடுக்கணுமே. வாய் வரமாட்டேங்குது. அந்த ஸ்னோவக் கொண்டுபோய் வச்சா அவளா எண்ணெய விட்டுருவான்னு பாத்தேன்."

அவ்வளவுதான், என் பொறுமை போய்விட்டது. அவள் சொல்லக் கூடாதென்று சொன்னதையும் சேர்த்துக் கொட்டிவிட்டேன். உப்பளம், அண்ணன் வீடு, எரிய எரியப் பூசிக்கொண்ட ஸ்னோ, எல்லாவற்றையும். "அவ மூஞ்சி என்ன, தானா காஞ்சு போச்சாடா? ஒனக்காகக் காத்துக்கிட்டு வெயில்ல நின்ன மூஞ்சிடா அது. போ, இன்னைக்கே போய்ச் சொல்லு."

மருதப்பன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அஞ்சடியில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அழுது முடித்து எழுந்தவன், "சொல்றேன் பாய். நல்ல நாள் பாத்துச் சொல்றேன். தீவாளி வரட்டும், ஒரு புதுப் பொடவ எடுத்துக் குடுத்து உக்கார வச்சுச் சொல்றேன்" என்றான்.

"இதுக்கு எதுக்குடா தீவாளி?"

"இத்தன வருசத்துப் பேச்சு பாய். சும்மா சொல்ல முடியாது லா."

அந்த வருஷம் கலவரம் வந்தது, ஊரடங்கு வந்தது. கடையைத் திறப்பதும் சாத்துவதுமாக இருந்தேன். அவனைப் பார்க்க முடியவில்லை. ஊர் அடங்கித் தீபாவளி நெருங்கும்போது, பூவம்மா டைஃபாய்டு காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று சேதி வந்தது. நானும் ரபியாவும் போனோம். வராந்தாவில் மருதப்பன் நின்றிருந்தான். சொன்னாயா என்று கேட்டேன். "நேத்து சொல்லப் போனேன் பாய். சுத்தி ஒரே ஆளு. வீட்டுக்கு வரட்டும்" என்றான். ரபியா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவள் எண்ணெய்க் குப்பியைக் கேட்கிறாள், மூஞ்சி காய்ந்து கிடக்கிறதாம், அவர் வந்து பார்ப்பாராம் என்று சொல்லிவிட்டு, தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மருதப்பனின் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினேன். அவன் போய்க் கட்டிலண்டை நின்றான். காய்ச்சல் வேகத்தில் அவளுக்கு ஆள் தெரியவில்லை. இரண்டு நாளில் போய்விட்டாள்.

லைன் வீட்டு முற்றத்தில் கிடத்தியிருந்தார்கள். குளிப்பாட்டுவதற்கு முன்னால் உறவு முறைகள் வரிசையாக வந்து தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைப்பது அவர்கள் வழக்கம். உறவென்று யாரும் இல்லாததால் பேஸில் கூட வேலை செய்கிறவர்களும் பக்கத்து வீட்டுப் பெண்களும் வரிசை கட்டினார்கள். நானும் ரபியாவும் ஓரமாக நின்றோம். ஒரு பெண் எண்ணெய்க் கிண்ணத்தை மருதப்பனிடம் நீட்டி, "நீங்கதான் மொதல்ல வைக்கணும்ண்ணே" என்றாள்.

மருதப்பன் கிண்ணத்தின் மேல் கையை வைத்து மூடினான். "எண்ணெ வேணாம்" என்றான்.

"வைக்காம எடுக்கக் கூடாதுண்ணே."

"யாரும் வைக்கக் கூடாது. ஒரு சொட்டுக்கூட வேணாம்."

புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துப் பெரியவர் ஒருவர் அவன் கையைப் பிடிக்கப் போனார். நான் குறுக்கே போய், விடுங்கள் என்றேன். மருதப்பன் அவள் தலைமாட்டில் மண்டியிட்டு உட்கார்ந்து குனிந்தான். வெடித்த கன்னம், மூக்கில் கொப்புளம் ஆறின தழும்பு, கண்ணைச் சுற்றிய சுருக்கம் ஒவ்வொன்றையும் பார்த்தான். இதுவரைக்கும் அவன் எங்கேயுமே அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. எடுக்க நேரமாகிறது என்று யாரோ சொன்னார்கள். அவன் காதில் விழவில்லை.

"எனக்கு இந்த மூஞ்சி போதும் பூவம்மா" என்று, அத்தனை பேருக்கும் கேட்கும்படி, அவளிடம் சொன்னான்.